ஐந்து நாள் பரலோகம், ஆண்டு முழுக்கப் படிக்கட்டு

முகாம் என்பது எங்கள் வேலையில் தினமும் புழங்கும் சொல். அடையாள அட்டை முகாம், உபகரணத்துக்கு அளவெடுக்கும் முகாம், கண் சிகிச்சை முகாம். காலையில் பந்தல், மதியம் பொட்டலச் சோறு, நடுவில் சிறப்பு விருந்தினர் மூன்று சக்கர வண்டி கொடுக்கும் போட்டோ. பொழுது சாய்வதற்குள் பந்தல்காரர் கம்பைப் பிடுங்கத் தொடங்கிவிடுவார். பேருந்தில் ஏற முடியாததால் ஆட்டோ பிடித்து வந்தவர்கள், அதே ஆட்டோவுக்குக் காசு எண்ணிக்கொண்டு திரும்புவார்கள். முகாம் கலைந்துவிடும். பேருந்தின் படி அப்படியே இருக்கும்.

போன மாதம் ஒரு போதகர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். நல்ல மனிதர். தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பல மேடைகளில் பேசியவர். வீடியோவில் அமெரிக்காவில் ஒரு ஏரிக்கரை. வீல்சேரில் இருக்கும் பிள்ளைகள் படகில் போகிறார்கள், பாடுகிறார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு தொண்டர். பெற்றோர்கள் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். "இதை நம்ம திருமண்டலத்துலயும் ஆரம்பிக்கணும்மா, நீங்கதான் முன்ன நின்னு செய்யணும்" என்று குரல் பதிவும் வந்தது. என் பதிலை இரண்டு நிமிடக் குரல் பதிவில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வாதம் இதுதான். ஊனமுற்றவர்களை ஆண்டுக்கு ஐந்து நாள் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கொண்டாடும் அதே அமெரிக்கக் கிறிஸ்தவ உலகம், தன் வாசல்படியைச் சட்டம் தொடக் கூடாது என்று விலக்கு வாங்கி வைத்திருக்கிறது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் முகாமை மட்டும் இறக்குமதி செய்வது நமக்கு ஆபத்து.

ஒரு சொல் விளக்கம். நான் இங்கே 'ஊனமுற்றவர்' என்றே எழுதுகிறேன். 'மாற்றுத்திறனாளி' என்பது அரசின் சொல், மரியாதையான சொல், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'சிறப்புக் குழந்தை', 'தேவனுடைய விசேஷித்த பிள்ளை' போன்ற சொற்களைக் கேட்டால் எனக்கு 'ஹரிஜன்' ஞாபகம் வருகிறது. கடவுளின் பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டுக் கோயில் வாசலில் நிறுத்தியவர்களை நமக்கு நன்றாகத் தெரியும்.

ஜோனியின் கதை

அந்த வீடியோ ஜோனி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் என்ற அமைப்பு நடத்தும் குடும்ப முகாம். நிறுவியவர் ஜோனி எரிக்ஸன் டாடா. 1949இல் பால்டிமோரில் பிறந்தவர். 1967 ஜூலையில், 17 வயதில், செசபீக் விரிகுடாவில் ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தது. தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. வாயில் தூரிகையைக் கடித்துப் படம் வரையக் கற்றுக்கொண்டார். 1976இல் அவருடைய தன்வரலாறு வெளியாகி உலகம் முழுக்க விற்றது. 1979இல் அது திரைப்படமானது, அவரே நடித்தார். அதே ஆண்டு கலிபோர்னியாவில் இந்த அமைப்பைத் தொடங்கினார்.

அவரைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. விபத்துக்குப் பிறகு, அந்தக் காலத்தில் புகழ்பெற்ற கேத்ரின் கூல்மனின் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். சுகம் கிடைக்கவில்லை. கூட்டம் முடியும் முன்பே வீல்சேரில் வந்தவர்களை மட்டும் தனியாக வெளியே கூட்டிப்போய் லிஃப்ட் வாசலில் வரிசையாக நிறுத்தினார்களாம். சுகமாகாதவர்களின் வரிசை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டும் நம் ஊரில் அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். 'உன் விசுவாசம் போதவில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களோடு நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஊனத்தோடேயே ஒருவர் முழு மனிதராக, முழு விசுவாசியாக வாழலாம் என்று அந்த உலகத்துக்குள்ளிருந்து ஜோனி சொன்னது பெரிய காரியம். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை.

குடும்ப முகாம்கள் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்தன. வாடகைக்கு எடுத்த முகாம் மைதானத்தில், ஏறக்குறைய ஒரு வேலை வாரம். ஊனமுற்ற பிள்ளையோ பெரியவரோ இருக்கும் குடும்பம் மொத்தமும் வரலாம். ஊனமுற்றவருக்குத் துணையாகத் தொண்டர் ஒருவர் ஒதுக்கப்படுவார். தாய்க்குத் தூக்கம் கிடைக்கும். மற்றப் பிள்ளைகளுக்கும் கவனிப்பு உண்டு. 24 மணி நேரமும் ஒரு பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் அம்மாவுக்கு ஒரு முழு இரவுத் தூக்கம் என்றால் என்ன என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். முகாமே வேண்டாம் என்று நான் சொல்கிறேன் என யாரும் திரிக்க வேண்டாம்.

ஆனால் அந்தத் தொண்டருக்கு என்ன பெயர் தெரியுமா? குறுகிய கால மிஷனரி. அவர் தன் செலவைத் தானே திரட்டிக்கொண்டு வருகிறார். கடல் தாண்டிப் போகும் மிஷனரிக்கு உள்ள அதே முறை. யோசித்துப் பாருங்கள். அந்த ஊனமுற்ற பிள்ளை இவருடைய சொந்த நாட்டுக் குடிமகன். பெரும்பாலும் ஏற்கெனவே கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. சில சமயம் அடுத்த தெருப் பிள்ளை. அவனைப் பார்க்க மிஷனரியாகப் போக வேண்டியிருக்கிறது என்றால், அவன் எந்தத் தேசத்தில் வாழ்கிறான்? சேரிக்கு ஊழியத்துக்கு வரும் மேலத்தெருக் கிறிஸ்தவரைப் பார்த்து நாம் கேட்கும் கேள்விதான் இது. பக்கத்துத் தெருவுக்கு வர உனக்கு எதற்கு மிஷனரிப் பட்டம்?

இதே ஏற்பாட்டின் இன்னொரு வடிவமும் உண்டு. 2015 முதல் டிம் டீபோ அறக்கட்டளை, ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஓர் இரவு, ஊனமுற்றவர்களுக்கான நடன விருந்தைச் சபைகள் வழியாக நடத்துகிறது. சிவப்புக் கம்பளம், கிரீடம், கைதட்டல். அன்று ஒவ்வொருவரும் ராஜா, ராணி. அந்த வார ஞாயிறு ஆராதனைக்கு வந்தால் மேடைக்குப் போக வழி இருக்கிறதா? கிரீடம் வைத்த தலைக்குச் சபைக் கமிட்டியில் ஓட்டு இருக்கிறதா?

இன்னொரு முகாம்

அமெரிக்காவில் ஊனமுற்றவர்களுக்கான முகாம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வேறொன்று. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் 1951இல் தொடங்கிய ஜெனெட் முகாம். இது சபை நடத்திய முகாம் அல்ல. 1960களின் இறுதியில் அதை நடத்தியவர்கள் நீள முடி வைத்த ஹிப்பி இளைஞர்கள். அங்கே யாரையும் யாரும் இரட்சிக்கவில்லை. ஊனமுற்ற இளைஞர்கள் சிகரெட் பிடித்தார்கள், காதலித்தார்கள், இரவு முழுக்க உட்கார்ந்து வீட்டில் தங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பேசினார்கள். 2020இல் வந்த 'கிரிப் கேம்ப்' ஆவணப்படத்தில் இதையெல்லாம் பார்க்கலாம்.

அங்கே போய் வளர்ந்தவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன். போலியோவால் பாதிக்கப்பட்டவர். ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் அவருக்குக் கிடைத்த பதில், வீல்சேர் தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்பது. படித்து முடித்து ஆசிரியர் உரிமம் கேட்டபோதும் நியூயார்க் கல்வி வாரியம் மறுத்தது. 1970இல் வழக்குப் போட்டு உரிமத்தை வாங்கினார். அரசு நிதி வாங்கும் எந்த இடமும் ஊனமுற்றவரை ஒதுக்கக் கூடாது என்று சொல்லும் 504ஆம் பிரிவு 1973இல் சட்டமானது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5ஆம் தேதி நூற்றுக்கும் மேற்பட்ட ஊனமுற்றவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் அவர்கள் நகரவில்லை. ஏப்ரல் 28இல் கையெழுத்து விழுந்தது. அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் ஜெனெட் முகாமில் ஒன்றாகத் தங்கியவர்கள் பலர் இருந்தார்கள்.

உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு போட்டது யார்? ஓக்லாந்தின் கருஞ்சிறுத்தைகள். தினமும் சுடச்சுட உணவு கொண்டுவந்தார்கள். போராட்டக்காரர்களில் ஒருவரான பிராட் லோமாக்ஸ் கருஞ்சிறுத்தைக் கட்சி உறுப்பினர், வீல்சேரில் இருந்தவர். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் போன்றவர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் எடுத்தது அந்தச் சிறுத்தைகளிடமிருந்துதான். நம் ஊர்ச் சுவர்களில் சிறுத்தை எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊனமுற்றவர் போராட்டம் நமக்கு அந்நியமான விஷயம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? அந்தச் சோற்றுப் பானையில் நம் உறவு இருக்கிறது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே நகரத்தின் க்ளைட் மெமோரியல் மெதடிஸ்ட் சபையும் அந்தப் போராட்டத்துக்குத் துணை நின்றது. சபை என்றால் ஒரே வழிதான் என்று கிடையாது. போராட்டக்காரருக்குச் சோறு கொண்டுபோகும் சபையும் இருக்க முடியும்.

ஆசீர்வாதம் செய்தவரும் விலக்குப் பெற்றவர்களும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1990 மார்ச் 12ஆம் தேதி வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு முன்னால், ஏறத்தாழ அறுபது பேர் வீல்சேரையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டு, கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து மேலே ஏறினார்கள். அதில் ஓர் எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். அந்த ஆண்டு ஜூலை 26இல் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தில் குடியரசுத் தலைவர் புஷ் கையெழுத்திட்டார். கடை, ஹோட்டல், திரையரங்கு, மருத்துவமனை என்று தனியார் நடத்தும் பொது இடங்களும் ஊனமுற்றவருக்கு வழிவிட வேண்டும் என்று சட்டம் சொன்னது.

அந்தக் கையெழுத்து விழாவில் ஜெபம் செய்தவர் ஹெரால்ட் வில்க் என்ற போதகர். பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லாதவர். புஷ் கொடுத்த பேனாவைக் காலால் வாங்கிக்கொண்டார். கிறிஸ்தவ உலகம் பெருமையோடு காட்டும் படம் அது.

அந்தப் படத்தில் தெரியாதது ஒன்று உண்டு. பொதுமக்கள் புழங்கும் இடங்கள் பற்றிய அதே சட்டத்தின் மூன்றாம் பகுதியில், மத அமைப்புகளுக்கும் அவை நடத்தும் நிறுவனங்களுக்கும் முழு விலக்கு. ஆராதனைக் கூடம் மட்டுமல்ல, சபை நடத்தும் பள்ளி, சபை நடத்தும் குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அரசு நிதி வாங்கினால் 504 பிடிக்கும். வாங்காவிட்டால் அந்தச் சட்டம் வாசலோடு நின்றுகொள்ளும். இந்த விலக்கு வானத்திலிருந்து விழவில்லை. சர்வதேசக் கிறிஸ்தவப் பள்ளிகள் சங்கம் போன்ற சுவிசேஷக அமைப்புகள், சபைகளைப் பொது இடம் என்று சொல்லக் கூடாது, கட்டடத்தை மாற்றச் செலவு தாங்காது என்று எதிர்த்து நின்று வாங்கியது. பெட்டிக்கடைக்காரர் தாங்க வேண்டிய செலவை, தேவனுடைய வீடு தாங்காதாம்.

மதச் சுதந்திரம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நான் அதைச் சும்மா தள்ளிவிடவில்லை. சிறுபான்மை மதத்தவர் உரிமைக்காக இந்த நாட்டில் குரல் கொடுப்பவள் நான். அரசு ஒரு சபையின் பிரசங்கத்தில் கை வைத்தால் நானும் எதிர்ப்பேன். ஆனால் சாய்தளம் எந்த வசனத்துக்கு விரோதம்? அகலமான கழிப்பறைக் கதவு எந்த உபதேசத்தைக் கெடுக்கும்?

ஜோனி இதில் எங்கே இருந்தார்? இந்தச் சட்டத்துக்கான யோசனையை முன்வைத்து முதல் வரைவை எழுதிய தேசிய ஊனமுற்றோர் குழுவில், 1980களின் பிற்பகுதியில் ரீகன் நியமித்த உறுப்பினராக இருந்தார். அதாவது, நாட்டுக்கு உரிமைச் சட்டம் வேண்டும் என்று சொன்ன மேசையில் அவரும் உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டம் வந்தபோது அவருடைய சொந்தச் சமயத்தின் வாசல்கள் அதற்கு வெளியே போய்விட்டன. அதன் பிறகுதான் குடும்ப முகாம்கள் பெருகின. ஒன்றைத் தடுக்கவே மற்றது வந்தது என்று நான் குற்றம் சாட்டவில்லை. உரிமையாக வர வேண்டியது வராமல் போன இடத்தில் அன்பு வந்து உட்கார்ந்துகொண்டது என்கிறேன். அந்த அன்பைப் பார்த்துக் கண் கலங்குபவர் யாரும் விலக்கைப் பற்றிக் கேட்பதில்லை.

அந்த மனநிலை நீதிமன்றத்தில் எங்கே போய் நின்றது என்றும் பாருங்கள். மிச்சிகனில் ஹொசன்னா-தாபோர் என்ற லூத்தரன் பள்ளி. ஓர் ஆசிரியைக்குத் திடீர்த் தூக்க நோய் வந்தது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வந்தார். பள்ளி ராஜினாமா செய்யச் சொன்னது. சட்டப்படி வழக்குத் தொடர்வேன் என்றதும் நீக்கிவிட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது, அவர் ஊழியர் என்ற வகையில் வருகிறார், சபை யாரை ஊழியராக வைத்துக்கொள்வது என்பதில் அவர் வழக்குப் போட முடியாது என்று. 2020இல் இன்னொரு தீர்ப்பு. கலிபோர்னியாவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. மார்பகப் புற்றுநோய் என்று சொன்ன பிறகு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவருடைய வேலையில் குறை என்றது பள்ளி. எது உண்மை என்று விசாரிக்கவே வழி இல்லாமல், 7-2 என்று தீர்ப்பு பள்ளிக்குச் சாதகமாகப் போனது. தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இந்த வழக்குகளை முகாம் நடத்துபவர்கள் நடத்தவில்லை. சரி. ஆனால் ஊனமுற்றவரின் குடும்பத்தோடு ஐந்து நாள் அழுது ஜெபிக்கும் இயக்கம், அந்த ஆசிரியைகளுக்காக ஏன் தெருவுக்கு வரவில்லை? ஏனென்றால் முகாமின் இலக்கணத்தில் உரிமை என்ற சொல் இல்லை. அதில் இருப்பது கொடுப்பவர், பெறுபவர், நன்றி.

கப்பலிலிருந்து ஒரு கடிதம்

இந்த இலக்கணத்தை நமக்கு முதலில் பிரித்துக் காட்டியவர் பாபாசாகேப். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் முடிந்த சூட்டில், தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். பிறகு அது ஹரிஜன் சேவக் சங்கம் ஆனது. தலைவர் பிர்லா, செயலாளர் தக்கர். அந்த நவம்பரில் மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போகும் கப்பலில் இருந்தபடி, அம்பேத்கர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதன் சாரம் இது. தீண்டப்படாதவரின் துன்பத்துக்கு அவருடைய ஒழுக்கம் காரணம் என்று நினைத்தால், நூலகம், உடற்பயிற்சி, மது விலக்கு என்று ஆளைத் திருத்தும் வேலையில் இறங்குவீர்கள். சூழல்தான் காரணம் என்று புரிந்தால், கிராமத்துக் கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, பொது வாகனம் ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டும் இயக்கம் நடத்துவீர்கள். கழகம் இரண்டாவதைச் செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார். களத்தில் வேலை செய்ய ஒடுக்கப்பட்டவர்களையே எடுக்க வேண்டும் என்றும் கேட்டார்.

அவர்கள் முதல் வழியில் போனார்கள். நிர்வாகத்தில் தீண்டப்படாதவருக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது காந்தி சொன்ன பதிலின் பொருள், இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், ஆகவே அவர்கள்தான் நடத்த வேண்டும் என்பது. அதாவது சேவை, செய்பவரின் ஆத்துமாவுக்காக.

முகாமிலிருந்து திரும்பும் தொண்டர்களின் சாட்சிகளைக் கேளுங்கள். "நான் கொடுக்கப் போனேன், ஆனால் நான்தான் பெற்றுக்கொண்டேன்." "அந்தப் பிள்ளை எனக்கு நன்றியுணர்வைக் கற்றுக்கொடுத்தது." அந்தப் பிள்ளை இன்னொருவர் நன்றியுணர்வைக் கற்றுக்கொள்ளவா பிறந்தது?

ஜோனியே வீல்சேரில் இருப்பவர்தானே, இது ஹரிஜன் சேவக் சங்கம் போல ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தலைவர் யார் என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனாலும், ஓர் அமைப்பு யாரை மாறச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஊனமுற்றவர் மனதில் சமாதானத்தோடு இருக்க வேண்டும், பெற்றோர் தாங்கிக்கொள்ள வேண்டும், தொண்டர் உருக வேண்டும் என்று எல்லோரையும் மாறச் சொல்லிவிட்டுக் கட்டடத்தை மட்டும் மாறச் சொல்லாவிட்டால், தலைவர் யாராக இருந்தும் அந்தப் படி குறையப் போவதில்லை.

வேதமே சொல்வது

இது வெளியாள் விமர்சனம் என்று தள்ளிவிட முடியாது. லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தாலும் குருடன், சப்பாணி, கூனன் பலிபீடத்துக்குக் கிட்டே வரக் கூடாது. ஆனால் பரிசுத்த அப்பத்தைச் சாப்பிடலாம். சாப்பிடலாம், கிட்டே வரக் கூடாது. அன்னதானப் பந்தியில் உட்காரலாம், கருவறைப் பக்கம் போகக் கூடாது என்ற சட்டம் நமக்குப் புதிதா?

நான்சி ஐஸ்லாந்து என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தானே ஊனமுற்றவர், 1994இல் 'ஊனமுற்ற கடவுள்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஊனத்தைப் பாவத்தோடு இணைப்பது, துன்பத்தைப் புண்ணியமாக்குவது, தனியாக ஒதுக்கி வைத்துத் தர்மம் செய்வது என்று சபை செய்துவந்த மூன்று காரியங்களை அதில் தோலுரித்தார். உயிர்த்தெழுந்த பிறகும் இயேசுவின் கையில் ஆணித் தழும்பு இருந்தது, காயம் ஆறாத உடலோடுதான் கடவுள் வந்து நின்றார் என்பது அவர் வாதம். பரலோகத்தில் புது உடல் கிடைக்கும் என்று ஜோனி ஆறுதல் சொல்கிறார். என் ஊனம் இல்லாமல் போனால் என்னையே எனக்கு அடையாளம் தெரியாது என்கிறார் ஐஸ்லாந்து. முகாமுக்கு முதலாமவர் போதும். சபை திருந்த இரண்டாமவர் வேண்டும்.

ஜோனியின் அமைப்பு தன் அழைப்பாக அடிக்கடி சொல்லும் பகுதி லூக்கா 14. விருந்து வைத்தால் ஏழைகளையும் ஊனரையும் அழைக்கச் சொல்லும் பகுதி. அந்த விருந்து எங்கே நடக்கிறது? அழைப்பவனின் சொந்த வீட்டில். ஊருக்கு வெளியே வாடகை மைதானத்தில் அல்ல.

யங் லைஃப் என்ற இன்னொரு கிறிஸ்தவ அமைப்பு, 1986இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஊனமுற்ற இளைஞருக்காகத் தொடங்கிய ஊழியத்துக்குக் கப்பர்நகூம் என்று பெயர் வைத்தது. மாற்கு 2ஆம் அதிகாரம். திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம், உள்ளே போக வழியில்லை. அந்த நால்வரும் என்ன செய்தார்கள்? தெருவிலேயே ஒரு பந்தல் போட்டு, அவனுக்கென்று தனியாகப் பாட்டுப் பாடினார்களா? கூரையைப் பிரித்தார்கள். அடுத்தவன் வீட்டுக் கூரை. அனுமதி கேட்கவில்லை. இயேசு அவர்களைக் கோபிக்கவும் இல்லை. கட்டடம் கெட்டாலும் பரவாயில்லை, ஆள் உள்ளே வர வேண்டும் என்பதுதான் கப்பர்நகூம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஓட்டைத் தொடாமல் இருக்க முடியாது.

இங்கே அந்தச் சாக்கும் இல்லை

இப்போது நம் ஊருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் மிஷனரிப் பெண்கள் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கினார்கள். அவர்கள் முகாம் நடத்திவிட்டுக் கலைந்து போகவில்லை. படிப்பும் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மரபுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் சபைகள் இன்று ஐந்து நாள் முகாமைப் புதுமையாக நினைப்பது பின்னேற்றம்.

அமெரிக்கச் சபைக்குச் சட்ட விலக்கு இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்றால் என்ன என்று விளக்கும்போது, அரசுக் கட்டடமோ தனியார் கட்டடமோ, மதக் காரியங்களுக்குப் பயன்படும் கட்டடத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் 2017இல் வந்தன. கெடு 2022இல் முடிந்துவிட்டது. கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நான் இங்கே சபையைக் கேட்பது, முகாம் யோசனை சபையிலிருந்து வந்ததால்.

இன்னொரு காரணமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்படுவதை எதிர்த்துச் சபைகள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10இல் கறுப்பு நாள் கடைப்பிடிக்கின்றன. நியாயமான போராட்டம், நானும் நிற்கிறேன். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைக்குள் தலித் பிணத்தைப் பிரிக்க எழுந்த சுவர் அரசு கட்டியதல்ல. வாசலுக்கு வெளியே உரிமை, வாசலுக்கு உள்ளே கருணை என்று இரண்டு நாக்கில் பேச முடியாது. சேரியில் பிறந்து ஊனத்தோடு வாழும் ஒரு பெண்ணுக்கு இரண்டு வாசலும் சேர்ந்து மூடுகின்றன. அவளை முகாமுக்குக் கூட்டிப்போய்க் கிரீடம் வைத்தால், இரண்டில் எது திறக்கும்?

போதகர் ஐயாவுக்கு என் பதில். முகாம் நடத்துங்கள். தாய்மார் தூங்கட்டும், பிள்ளைகள் படகில் போகட்டும். ஆனால் அதற்கு முன் நான்கு காரியம். தேவாலய வாசலிலும் திருவிருந்து மேடைக்கும் சாய்தளம். வீல்சேர் திரும்பும் அளவுக்குக் கழிப்பறை. காது கேளாதோர் வரும் ஆராதனையில் சைகை மொழி. திருமண்டலக் குழுக்களிலும், சபை நடத்தும் பள்ளி கல்லூரிகளின் ஆசிரியர் பணியிடங்களிலும் ஊனமுற்றவருக்கு இடம், அதில் தலித் பெண்களுக்கு முதல் இடம். முகாம் நடத்தும் குழுவில் பாதிக்கு மேல் ஊனமுற்றவர்களே இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

சாய்தளத்துக்குக் கணக்கு எளிது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். உங்கள் ஆலயத்தின் முன்படி ஏறக்குறைய 3 அடி இருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் நின்று இளைப்பாறும் தளம் போக 36 அடி வேண்டும். மேற்குப் பக்கம், பாதிரியார் கார் நிறுத்தும் இடத்தில் அந்த நீளம் தாராளமாக இருக்கிறது. எந்த ஞாயிறு என்று சொல்லுங்கள் ஐயா, அளவு டேப்போடு வருகிறேன். என்னோடு வீல்சேரில் மூன்று பேர் வருவார்கள். அன்றைக்கு ஆராதனையை மட்டும் வாசலில் வைத்து நடத்துங்கள்.

ஜெய் பீம்.